டைம் கூடினா இம்பல்ஸும் கூடணும்ல, அப்புறம் ஏன் அடி கம்மியா படுது?

தட்டோன்அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு பிசிக்ஸ் சொல்லிக் குடுக்கலாம்னு உக்காந்தேன், இப்ப ரெண்டு பேரும் ஒரே இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறோம். அவன் ஹைஸ்கூல் படிக்கிறான், புக்கு இங்கிலீஷ்ல இருக்கு, டீச்சர் பர்மீஸ்ல விளக்குறாங்க, வீட்ல நான் தமிழ்ல சொல்றேன். கணக்கெல்லாம் போட்டுடுறான், ஃபார்முலால நம்பரத் தூக்கிப் போட்டா விடை வந்துடுது, ஆனா அது என்ன சொல்ல வருதுன்னு தான் பிடிபட மாட்டேங்குது.

இம்பல்ஸ்னா ஃபோர்ஸ் × டைம்னு போட்டிருக்கு. சரி. அதே பாடத்துல கொஞ்சம் தள்ளி, உயரத்துலேருந்து குதிக்கிறவன் முழங்கால மடக்கி இறங்கினா அடி கம்மியாப் படும், ஏன்னா டைம் கூடுதுன்னு போட்டிருக்கு. உடனே தம்பி கேக்குறான், "அக்கா, டைம் கூடினா ஃபோர்ஸ் × டைமும் கூடணும்ல? இம்பல்ஸ் கூடினா அடி பலமால்ல படணும்? இவங்க ஏன் தலைகீழா சொல்றாங்க?" யோசிச்சுப் பாத்தா அவன் கேக்குறது நியாயமா தான் தெரியுது, எனக்கு பதில் வரல.

இன்னொன்னும் இருக்கு. அவன் சாயங்காலமானா சின்லோன் ஆடப் போயிடுற பய, அதான் பிரம்புப் பந்த கீழ விடாம கால்ல தட்டித் தட்டி ஆடுற பர்மா ஆட்டம். மேல போன பந்து கீழ வந்து கால்ல விழும்போது அதுல எவ்ளோ ஃபோர்ஸ் இருக்கும்னு கணக்குப் போட்டுச் சொல்லுன்னான். நான் மாஸ் × ஆக்சிலரேஷன்னு ஆரம்பிச்சு, பந்து 150 கிராம், ஆக்சிலரேஷன் 10ன்னு போட்டேன், 1.5 நியூட்டன் வந்துச்சு. அது சும்மா பந்தோட எடை தான? கையில வச்சிருந்தாலே அவ்ளோ தான் இருக்கும். அப்ப மேலேருந்து வந்து விழுந்தா மட்டும் ஏன் கால் சுள்ளுன்னு வலிக்குது? தெரிஞ்சவங்க யாராச்சும் கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க, ஃபார்முலா வேணாம், ஏன்னு தான் வேணும்.

மோல்மேன்பிரம்புபந்து:

அக்கா நான் பிசிக்ஸ்ல பெரிய ஆளு இல்ல, ஆனா சின்லோன் சின்ன வயசுலேருந்து ஆடுறேன், அதனால கால் பக்கத்துலேருந்து சொல்றேன், கணக்குப் பக்கம் வேற யாராச்சும் பாத்துக்கட்டும்.

பந்து வந்து விழுறப்ப ரெண்டு விதமா வாங்கலாம். ஒண்ணு, கால விறைப்பா வச்சு டக்குன்னு திருப்பித் தட்டுறது, பிரம்பு பந்து அப்ப "டக்"னு ஒரு சத்தம் குடுக்கும் பாருங்க, அந்தச் சத்தம் நல்லா வந்தாலே சுத்தி நிக்கிறவங்களுக்கு தெரியும் சரியான எடத்துல பட்டிருக்குன்னு. இன்னொன்னு, பந்து வர்றப்பவே கால கொஞ்சம் மேல தூக்கி வச்சுக்கிட்டு, பந்து தொடுற அந்த நொடில பந்தோட சேத்து கால கீழ இறக்கிக்கிட்டே போறது. சத்தமே வராது, பந்து பாதத்து மேல வந்து உக்காந்துக்கும். ரெண்டுலயும் ஒரே உயரத்துலேருந்து வந்த ஒரே பந்து தான். ஆனா மொதல்ல சொன்னதுல வெறுங்கால்ல ஆடுறவனுக்கு கொஞ்ச நேரத்துல பாதம் செவந்துடும், ரெண்டாவதுல ஒண்ணுமே தெரியாது.

ஃபோன்ல ஸ்லோ மோஷன் வீடியோ இருக்குல்ல, செகண்டுக்கு 240 ஃப்ரேம் எடுக்குறது, அதுல எடுத்துப் பாத்தோம். டக்குன்னு தட்டுறப்ப பந்து கால்ல ஒட்டிக்கிட்டு இருக்கிறது ரெண்டு மூணு ஃப்ரேம் தான், அதுக்குள்ள பிரிஞ்சு போயிடுது. கால இறக்கி வாங்குறப்ப ஃப்ரேம் ஃப்ரேமா தள்ளிக்கிட்டே போனா பந்தும் காலும் சேந்தே போய்க்கிட்டு இருக்கு, இருபது ஃப்ரேமுக்கு மேல வரும். தம்பியையும் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, டைம் கூடுறதுன்னா என்னன்னு கண்ணால பாத்துடுவான். ஆனா அவன் கேட்ட அந்த பெருக்கல் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியணும், நானும் உக்காந்துட்டேன்.

யாங்கோன்டியூஷன்:

தங்கச்சி, பல வருஷமா பசங்களுக்கு பிசிக்ஸ் எடுக்குறேன், இந்தக் கேள்வி நெறைய பேர் மனசுல இருக்கும் ஆனா வாய் விட்டு கேக்காமயே பரீட்சை எழுதிட்டுப் போயிடுவாங்க. உன் தம்பி கேட்டுட்டான், ரொம்ப சந்தோஷமா இருக்கு, அவன திட்டாத.

ரெண்டாவது கேள்விலேருந்து ஆரம்பிக்கிறேன், குழப்பத்துக்கு வேரு அங்க தான் இருக்கு. பந்துல எவ்ளோ ஃபோர்ஸ் இருக்குன்னு கேட்டா அதுக்கு பதிலே கிடையாது. ஏன்னா பந்துக்குள்ள ஃபோர்ஸ்னு ஒண்ணு இல்லவே இல்ல. ஓடுற வண்டி, பறக்குற பந்து, விழுற தேங்கா, எதுகிட்டயும் ஃபோர்ஸ் கிடையாது. அதுககிட்ட இருக்கிறது மொமெண்டம், அதாவது மாஸ் × வேகம். பந்து கால்ல படுற வரைக்கும் கால் மேல அதோட ஃபோர்ஸ் பூஜ்யம். பட்டு, தொட்டுக்கிட்டு இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் தான் காலுக்கும் பந்துக்கும் நடுவுல ஃபோர்ஸ் இருக்கு, பிரிஞ்சதும் திரும்ப பூஜ்யம். அதனால "பந்து எவ்ளோ ஃபோர்ஸோட வருது"ன்னு கேக்காம "இந்தப் பந்த நிறுத்த என் கால் எவ்ளோ ஃபோர்ஸ் குடுக்கணும்"னு கேக்கணும், அப்படிக் கேட்டா அடுத்த கேள்வி தானா வரும், "எவ்ளோ நேரத்துல நிறுத்தப் போற?"

இப்ப கணக்கு. பந்து 150 கிராம்னே வச்சுக்குவோம், அதாவது 0.15 கிலோ. 1.8 மீட்டர் உயரத்துலேருந்து விழுது. ஈர்ப்புக்கு 10 போட்டா கால்கிட்ட வரும்போது வேகம் செகண்டுக்கு 6 மீட்டர். மொமெண்டம் 0.15 × 6, அதாவது 0.9. இது பந்து மேலேருந்து கொண்டு வந்தது. நீ கால எப்படி வச்சாலும், விறைப்பா வச்சாலும் தளர்வா வச்சாலும், இந்த 0.9 மாறப் போறதில்ல, அது நீ தொடுறதுக்கு முன்னாடியே முடிவாயிடுச்சு. பந்த நிறுத்தணும்னா இந்த 0.9ஐ முழுசா எடுத்தாகணும். எடுக்குற அந்த மொத்தம் தான் இம்பல்ஸ்.

கடன் மாதிரி நெனச்சுக்கோ, வட்டியில்லாத கடன். 6 லட்சம் அடைக்கணும். 2 மாசத்துல அடைச்சா மாசம் 3 லட்சம் கட்டணும், மூச்சு முட்டும். 12 மாசத்துல அடைச்சா மாசம் 50 ஆயிரம். மாசம் கூடினதுனால கடன் கூடிடுச்சா? இல்லல்ல, 6 லட்சம் 6 லட்சம் தான், தவணை தான் கொறஞ்சுது. இதுல கடன் இம்பல்ஸ், மாசம் டைம், தவணை ஃபோர்ஸ்.

விறைப்பான கால்ல 0.01 செகண்டுல நிக்குதுன்னா 0.9ஐ 0.01ஆல வகுத்தா 90 நியூட்டன். கால இறக்கிக்கிட்டே 0.1 செகண்டுல நிறுத்தினா 9 நியூட்டன். பத்துல ஒரு பங்கு. பெருக்கிப் பாரு, 90 × 0.01 = 0.9, 9 × 0.1 = 0.9. இம்பல்ஸ் கூடவும் இல்ல கொறையவும் இல்ல.

தம்பி பண்ணது என்னன்னா ஃபோர்ஸ் அப்படியே நிக்கும், டைம் மட்டும் கூடும்னு மனசுக்குள்ள வச்சுக்கிட்டான். ஃபார்முலா அப்படிச் சொல்லல. மூணு பேர் இருக்காங்க அதுல, ஒருத்தர் மாறினா இன்னொருத்தர் மாறணும், ஆனா யார் மாறாம நிக்கிறாங்கன்னு ஃபார்முலா சொல்லாது, நடக்குற விஷயத்தப் பாத்து நாம தான் கண்டுபிடிக்கணும். வர்ற பந்த நிறுத்துற எல்லா எடத்துலயும் மாறாம நிக்கிறது இம்பல்ஸ். குதிச்சு இறங்குறதும் அதே கதை தான், தரைய தொடுறப்ப உள்ள வேகம் குதிச்ச உயரத்தாலயே முடிவாயிடுச்சு.

நீ போட்ட 1.5 நியூட்டன் பத்தி. அது பந்து காத்துல விழுந்துகிட்டு இருக்கும்போது பூமி இழுக்குற ஃபோர்ஸ், அந்த 10ங்கிற ஆக்சிலரேஷன் காத்துல இருக்கிற வரைக்கும் தான். கால்ல பட்டதும் 6லேருந்து பூஜ்யத்துக்கு 0.01 செகண்டுல வருதுன்னா அங்க ஆக்சிலரேஷன் 600. அத 0.15ஆல பெருக்கினா 90 வந்துடும், சரியா இருக்கு. மாஸ் × ஆக்சிலரேஷன்ல தப்பில்ல, எந்த நேரத்தோட ஆக்சிலரேஷன்ங்கிறது தான் விஷயம். நியூட்டனே 1687ல ரெண்டாவது விதிய எழுதினப்ப மாஸ் × ஆக்சிலரேஷன்னு எழுதல, இயக்கத்துல வர்ற மாற்றம், அதுக்குக் காரணமான ஃபோர்ஸ்னு தான் எழுதினாரு, இம்பல்ஸ் பாடம் அந்த மூல வடிவத்துக்கு ரொம்பப் பக்கம்.

மோல்மேன்பிரம்புபந்து:

சார் கடன் கணக்கு கச்சிதமா ஏறிடுச்சு. ஒரு சின்ன சந்தேகம், பந்து கால் மேல உக்காந்த பிறகும் அதோட எடை 1.5 நியூட்டன் இருக்குமே, நிறுத்துறப்ப அதையும் கால் தான தாங்கணும்? 9 நியூட்டன்ல அது சேந்திருக்கா?

யாங்கோன்டியூஷன்:

சேரல, நல்லா பிடிச்சீங்க. 9ங்கிறது நெட் ஃபோர்ஸ், மேல தள்ளுறதுலேருந்து கீழ இழுக்குறத கழிச்சு மிச்சம் நிக்கிறது. கால் குடுக்குறது 9ம் 1.5ம் சேத்து 10.5 நியூட்டன். விறைப்பா வாங்குறதுல 90ஓட 1.5 சேந்து 91.5, அங்க எடைய விட்டுட்டாலும் ஒண்ணும் கெட்டுப் போகாது, ஆனா மெதுவா வாங்குறதுல விட்டா விடை நல்லாவே தள்ளிப் போயிடும். பரீட்சைல "தரை குடுக்குற ஃபோர்ஸ் என்ன"ன்னு கேட்டானா இல்ல "நெட் ஃபோர்ஸ் என்ன"ன்னு கேட்டானான்னு பாத்து எழுதணும், மார்க் போறது இங்க தான்.

இன்னொரு கணக்கும் பாருங்க, 6லேருந்து பூஜ்யத்துக்கு ஒரே சீரா வந்தா சராசரி வேகம் 3, 0.1 செகண்டுல கால் இறங்குற தூரம் 0.3 மீட்டர், ஏறத்தாழ ஒரு அடி. நீங்க கால இறக்கி வாங்குறப்ப அவ்ளோ தான் வருமா?

மோல்மேன்பிரம்புபந்து:

ஆமா சார், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ ஆரம்பிச்சு கணுக்கால் உயரத்துக்கு வந்து நிக்கும், ஒரு அடி சரியா தான் இருக்கு. ஆடிக்கிட்டு இருந்தத நம்பர்ல பாக்குறப்ப நெஞ்சு குளிருது.

தட்டோன்அக்கா:

சார் ரொம்ப ரொம்ப நன்றி. தம்பிய பக்கத்துல உக்கார வச்சு படிச்சுக் காட்டினேன், நடுவுல கரண்ட் போச்சு, மெழுகுவர்த்தி வச்சுக்கிட்டு அந்த 0.9 கணக்க நோட்டுல போட்டுப் பாத்துட்டான். இப்ப அடுத்த கேள்வி போட்டிருக்கான். பந்து நிக்காம, வந்த வேகத்துலயே திரும்ப மேல போச்சுன்னா? வர்றப்ப 6, போறப்ப 6, மாற்றம் பூஜ்யம், அப்ப இம்பல்ஸும் பூஜ்யம், ஃபோர்ஸும் பூஜ்யம்னு வருதாம். ஆனா திருப்பித் தட்டுறப்ப தான் கால் அதிகமா வலிக்குதுன்னு அவனே சொல்றான்.

இன்னொன்னு, 0.01 செகண்டு முழுக்க 90 நியூட்டன் ஒரே மாதிரியா இருக்குமான்னும் கேக்குறான். தொட்ட ஒடனே 90க்குத் தாவிடுமா?

யாங்கோன்டியூஷன்:

வலிக்குதுன்னு அவன் கால் சொல்றத நம்பச் சொல்லு, விடை அதுல இருக்கு. மொமெண்டத்துக்கு திசை உண்டு. மேல போறத பிளஸ்னு வச்சா கீழ வர்றது மைனஸ். வர்றப்ப மைனஸ் 0.9, போறப்ப பிளஸ் 0.9. மாற்றம்னா பின்னாடி உள்ளதுலேருந்து முன்னாடி உள்ளதக் கழிக்கணும், 0.9லேருந்து மைனஸ் 0.9ஐ கழிச்சா 1.8. ரெண்டு மடங்கு. யோசிச்சா நியாயம் தான, கால் ரெண்டு வேல பாக்குது, வர்ற பந்த நிறுத்தணும், அப்புறம் புதுசா மேல அனுப்பணும். அதே 0.01 செகண்டுல ரெண்டையும் முடிச்சா 180 நியூட்டன். சுவத்துல பட்டு ஒட்டிக்கிற களிமண்ண விட பட்டு எகிறுற ரப்பர் பந்து சுவத்துக்கு அதிக இம்பல்ஸ் குடுக்கும், பாக்க அப்படித் தெரியாது. கணக்குல எப்பவும் மொதல் வேலையா நோட்டு ஓரத்துல ஒரு அம்புக்குறி போட்டு எது பிளஸ்னு எழுதிட்டு ஆரம்பிக்கச் சொல்லு.

ரெண்டாவது கேள்வி இன்னும் நல்ல கேள்வி. ஒரே மாதிரி இருக்காது. தொட்ட நொடில பூஜ்யம், பிரம்பு அழுந்த அழுந்த ஏறும், பந்து அதிகமா அழுந்தி நிக்கிறப்ப உச்சம், பிரம்பு விரிய விரிய இறங்கி, பிரியிறப்ப பூஜ்யம். கிராஃப் போட்டா ஒரு மலை மாதிரி வரும். குறுக்க டைம், நெடுக்க ஃபோர்ஸ். அந்த மலைக்குக் கீழ உள்ள பரப்பு தான் இம்பல்ஸ். மலைய முக்கோணம்னு வச்சுக்குவோம், அடிப்பக்கம் 0.01, பரப்பு 1.8, அப்ப உயரம் 360 வருது. ஆக சராசரி 180, உச்சம் 360. நாம டைமால வகுத்து எடுக்குறது சராசரி மட்டும் தான். எலும்பு உடையுதா இல்லையாங்கிறத அந்த உச்சம் தான் முடிவு பண்ணும். டைம நீட்டினா மலை அகலமாகும், பரப்பு அதே தான்ங்கிறதால உயரம் கொறஞ்சே ஆகணும். இந்தப் படத்த அவன் கையால நாலு தடவ வரைஞ்சுட்டான்னா ஃபார்முலாவ மறந்தாலும் பரவால்ல.

பெகுமெக்கானிக்:

நல்ல பேச்சு ஓடுது, நானும் சேந்துக்கிறேன். மொதல்ல தம்பி நெனச்சது முழுசா தப்புன்னு யாரும் சொல்லிடாதீங்க, டைம் கூடினா இம்பல்ஸ் கூடுற எடமும் இருக்கு, அது எங்க ஒர்க்‌ஷாப்ல அடிக்கடி நடக்குது. பேட்டரி எறங்கின கார தள்ளுறோம்ல. ரெண்டு பேர் தள்ளுறாங்க, உராய்வெல்லாம் போக 300 நியூட்டன் மிச்சம் நிக்குதுன்னு வைங்க. வண்டி 1000 கிலோ. 3 செகண்டு தள்ளினா இம்பல்ஸ் 900, வேகம் 0.9 வருது. அதே ரெண்டு பேர் 6 செகண்டு தள்ளினா 1800, வேகம் 1.8. இங்க மாறாம நிக்கிறது ஆளோட பலம், அதாவது ஃபோர்ஸ், அதனால டைம் கூட கூட இம்பல்ஸும் கூடுது. சார் சொன்னாரே எது மாறாம நிக்குதுன்னு பாக்கணும்னு, அதே தான், இங்க வேற ஆளு நிக்கிறாரு.

ஆனா நான் எழுத வந்தது ஹெல்மெட்டப் பத்தி. யாங்கோன் டவுனுக்குள்ள பைக்குக்குத் தடை, எங்க பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு பைக் தான். ரிப்பேருக்கு வர்ற வண்டில தொங்குற ஹெல்மெட்ட எடுத்து உள்ள பாப்பேன், பாதிக்கு மேல வெறும் பிளாஸ்டிக் ஓடு, உள்ள ஒரு துணி, அவ்ளோ தான். போலீஸுக்குக் காட்ட அது போதும், தலைக்குப் போதாது. உள்ள வெள்ளையா, டிவி பெட்டிக்குள்ள வருமே அந்த மாதிரி, ஆனா அத விட நல்லா இறுக்கமா ஒரு நுரை இருக்கணும். அந்த நுரை தான் ஹெல்மெட்டு, வெளிய இருக்கிற ஓடு அதுக்குத் துணை.

சாரோட கணக்கையே தலைக்குப் போட்டுப் பாருங்க. தலை சுமார் 5 கிலோ. வேகமா ஓட்டக்கூட வேணாம், நின்ன எடத்துலேருந்து சாஞ்சு விழுந்து தலை 1.8 மீட்டர் கீழ வந்தாலே அதே 6 மீட்டர் வேகம் தான். மொமெண்டம் 30. நுரை 3 சென்டிமீட்டர் அழுந்துதுன்னா சராசரி வேகம் 3, டைம் 0.01 செகண்டு, ஃபோர்ஸ் 3000 நியூட்டன். நுரையே இல்லாம காங்கிரீட்ல பட்டு 3 மில்லிமீட்டர்ல நிக்குதுன்னு வச்சுக்கிட்டா டைம் 0.001, ஃபோர்ஸ் 30,000 நியூட்டன். உத்தேசக் கணக்கு தான், ஆனா பத்து மடங்குங்கிறது எங்கேருந்து வருதுன்னு தெரியுதுல்ல, அந்த 3 சென்டிமீட்டர்லேருந்து தான் வருது. 

அப்புறம் ஒரு தடவ பலமா அடி வாங்கின ஹெல்மெட்ட மறுபடி போடாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிறேன். அந்த நுரை அழுந்தினா திரும்ப எழும்பாது, அழுந்தினது அழுந்தினது தான். வெளிய பெயிண்ட் கூட போயிருக்காது, பாத்தா புதுசு மாதிரி இருக்கும், ஆனா அடுத்த தடவ குடுக்குறதுக்கு அதுகிட்ட தூரம் இல்ல, தூரம் இல்லன்னா டைம் இல்ல. தாடை வாரையும் மாட்டணும், மாட்டாத ஹெல்மெட்டு தலைக்கு முன்னாடி போய் ரோட்டுல உருளும்.

இன்சீன்பெரியவர்:

பிள்ளைகளா, நான் லெத்வே, அதான் நம்ம பர்மா குத்துச்சண்டை, பாத்தே வளந்தவன், அதுலேருந்து ஒண்ணு கேக்கணும், சொல்லவும் செய்யணும். லெத்வேல கையுறை கிடையாது, காஸ் துணியும் டேப்பும் சுத்திக்கிட்டு தான் எறங்குவாங்க. நல்ல ஆட்டக்காரன் குத்து வர்றத பாத்துட்டா தலைய அது போற திசைக்கே கொஞ்சம் விட்டுக் குடுப்பான், எதுத்து நீட்டிக்கிட்டு நிக்க மாட்டான். சின்லோன் தம்பி கால இறக்குற மாதிரி தான். எதுக்க போய் வாங்குறவனுக்கு ரெண்டு வேகமும் சேந்துக்கும், டைமும் கொறையும், ரெண்டு பக்கமும் நட்டம்.

கேள்வி என்னன்னா, குத்துறவன் கைக்கு எவ்ளோ படும்? வாங்கினவன் தலைக்கு 2000ன்னா கைக்கு கம்மி தான?

யாங்கோன்டியூஷன்:

ஐயா, கைக்கும் அதே 2000 தான். நியூட்டனோட மூணாவது விதி. தலையும் கையும் தொட்டுக்கிட்டு இருக்கிற நேரம் ரெண்டுக்கும் ஒண்ணு தான, ஃபோர்ஸும் ஒண்ணு, அதனால இம்பல்ஸும் அளவுல ஒண்ணு, திசை மட்டும் எதிர். அதனால தான் வெறுங்கையால குத்துறவங்களுக்கு கை எலும்பு அடிக்கடி உடையுது. கையுறைல உள்ள பஞ்சு டைமையும் நீட்டுது, படுற பரப்பையும் பெருசாக்குது. பரப்பு வேற கதை, அது பிரஷர், ஆனா வலி, வெட்டு, காயம்னு பேசும்போது அதையும் விட்டுட முடியாது. ஒரே ஃபோர்ஸ் உள்ளங்கை அகலத்துல பட்டா தள்ளும், விரல் முட்டில பட்டா கிழிக்கும்.

தட்டோன்அக்கா:

பெகு அண்ணே, உங்க பதிலப் படிச்சுட்டு எங்க அப்பா ஹெல்மெட்ட எடுத்து உள்ள பாத்தோம், நுரை இல்ல. இந்த வாரமே வேற வாங்குறதா சொல்லியாச்சு.

தம்பி விட மாட்டேங்குறான் சார். திஞ்ஜான் வருதுல்ல, அதான் பர்மா புத்தாண்டுத் தண்ணித் திருவிழா, அப்ப பைப்புல தண்ணி அடிக்கிறாங்களே, அது ஒரு தடவ பட்டுட்டு போற பந்து இல்ல, விடாம வந்துகிட்டே இருக்கு. அதுக்கு டைம்னு எத எடுக்குறது?

யாங்கோன்டியூஷன்:

ஒரு செகண்ட எடுத்துக்கச் சொல்லு. ஒரு செகண்டுல பைப்புலேருந்து 1 லிட்டர் வருது, அதாவது 1 கிலோ, வேகம் செகண்டுக்கு 10 மீட்டர்னு வச்சுக்கோ. மேல பட்டதும் தண்ணி வேகம் போய் அப்படியே கீழ வழிஞ்சுடுது. அந்த ஒரு செகண்டுல தண்ணி இழந்த மொமெண்டம் 10, டைம் 1, ஃபோர்ஸ் 10 நியூட்டன், ஒரு லிட்டர் பாட்டில் எடை உன்ன பக்கவாட்டுல தள்ளுற மாதிரி. 2 செகண்டு எடுத்தா மொமெண்டம் 20, டைம் 2, திரும்ப 10 தான். எவ்ளோ நேரம் எடுத்தாலும் அதே விடை. தகரத் தட்ட நீட்டி தண்ணி வந்த வழியே தெறிச்சுதுன்னா ரெண்டு மடங்கு வரைக்கும் போகும், எகிறுற பந்து கணக்கு.

பெகுமெக்கானிக்:

அதோட இதையும் சொல்லிக் குடுங்க சார். திஞ்ஜான்ல ஓடுற பைக்குக்காரன் மூஞ்சில எதுக்கத் தண்ணிய வீசுறாங்க. வண்டி செகண்டுக்கு 10 மீட்டர், மணிக்கு 36 கிலோமீட்டர் தான், மெதுவா தான் போறான். வீசின தண்ணி எதுக்க 5ல வருது. ரெண்டும் சேந்து 15. கிண்ணத்துல 2 லிட்டர், மொமெண்டம் 30. ஒரே கட்டியா வந்து 0.1 செகண்டுல பட்டு முடியுதுன்னா 300 நியூட்டன், 30 கிலோ மூட்டைய நெஞ்சுல வச்ச மாதிரி, அதுவும் கண்ணு மூடின நேரத்துல, ஒரு கை பிரேக்குல இருக்கிறப்ப. தண்ணி தானன்னு நெனைக்காதீங்க, அந்த நாலு நாள்ல எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வளஞ்ச ஹேண்டில் பாரோட வண்டி வராத வருஷம் இல்ல. வண்டி நின்ன பிறகு தோள்ல மெதுவா ஊத்தச் சொல்லுங்க.

தட்டோன்அக்கா:

தம்பி போட்டுப் பாத்துட்டான் அண்ணே. நின்ன ஆள் மேல அதே கிண்ணம், அதே 5ல வீசினா மொமெண்டம் 10, 0.1 செகண்டுல 100 நியூட்டன். ஓடுற வண்டில 300. தண்ணி வீசுறவன் ஒரே மாதிரி தான வீசுறான், ஃபோர்ஸ் மட்டும் எப்படி மூணு மடங்காச்சுன்னு நானே கேட்டேன், "தண்ணில ஃபோர்ஸ் இல்லக்கா"ன்னு எனக்கே திருப்பிச் சொல்றான்.

யாங்கோன்டியூஷன்:

சரியா போட்டிருக்கான். பக்கவாட்டுலேருந்து வீசினா என்னாகும்னு அடுத்து போடச் சொல்லு, வண்டி 10ல முன்னாடி போகுது, தண்ணி 5ல குறுக்க வருது. ரெண்டு திசைக்கும் தனித்தனியா அம்புக்குறி போட்டு, தண்ணி கடைசில வண்டியோட வேகத்துக்கே வந்துடுதுன்னு வச்சுக்கிட்டு செய்யணும். விடைய இங்கயே போடு, பாத்துச் சொல்றேன்.